கடல் தாண்டிய சைக்கிள் ஊர் வந்து சேருமா?

சைக்கிளை ஏழையின் குதிரை என்று சொல்வார்கள். இந்தக் குதிரைக்குக் கொள்ளு வேண்டாம். புல் வேண்டாம். பெட்ரோலும் வேண்டாம். சக்கரத்துக்குக் கொஞ்சம் காற்று, சங்கிலிக்கு நாலு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். வயலுக்குப் போகும், ஆலைக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்கும் போகும். நம்மைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றும்.

ஆனால் அதை நாம் சுமக்கவேண்டிய நாள் ஒன்று வந்துவிட்டால் என்ன ஆகும்? அப்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

பிழைக்கப் போன நாட்டிலிருந்து ஒருவர் தம் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவர விரும்புகிறார். அவரிடம் கார் இல்லை. வேன் பிடிக்கப் பணமும் இல்லை. விமானத்திலும் ரெயிலிலும் பஸ்சிலும்தான் வரவேண்டும். இது நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மைல் கடலைத் தாண்டுவது எளிதாக இருக்கிறது. கடைசி ஐம்பது மைலைத் தாண்டுவதுதான் கஷ்டமாக இருக்கிறது! இது ஏன் என்று கேட்கவேண்டும். இது மாறவேண்டும் என்பது என் கருத்து.

அக்கரைச் சீமைக் காலம்

அக்கரைச் சீமைக்குப் போய் வருவது தமிழனுக்குப் புதிது அல்ல. ரஜூலா என்ற கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல ஆண்டுகள் போய் வந்தது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. கடலில் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் பெட்டியும் படகில் இறங்கிக் கரைக்கு வரவேண்டும். டிரங்குப் பெட்டி, பாய் மூட்டை, குடை எல்லாம் அப்படித்தான் வந்து சேர்ந்தன.

ரஜூலாவுக்குப் பின் சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது தீப்பிடித்தது. அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்துபோயிற்று.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இன்னும் நல்ல வசதி இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் ரெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை போகலாம். அங்கே கப்பல் தயாராக நிற்கும். அக்கரையில் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு ரெயில் தயாராக நிற்கும். ரெயிலுக்கும் கப்பலுக்கும் மறுபடி ரெயிலுக்கும் ஒரே டிக்கெட்! அதற்குப் போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த வழியும் அதோடு போயிற்று.

நான் பழம்பெருமை பேசவில்லை. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பயணம் என்றால் ஆளும் சாமானும் சேர்ந்துதான். ஏழைகள் மூட்டை முடிச்சோடுதான் வருவார்கள் என்று கப்பல்காரனுக்கும் தெரியும், ரெயில்காரனுக்கும் தெரியும். அதற்கு இடம் வைத்தே வண்டி கட்டினார்கள். இன்று வேகம் வந்துவிட்டது. மூட்டைக்கு இடம்தான் குறைந்துபோய்விட்டது.

முதலில் ஒரு கணக்கு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் அவருக்குச் சொந்த ஊர். போனில் பிள்ளை கேட்கிறான்: "அப்பா, எனக்கு ஒரு சைக்கிள் கொண்டுவாங்கப்பா!" மனைவி குறுக்கிடுகிறாள்: "ஏங்க, அவன் பேச்சைக் கேட்டு வாங்கிட்டு நிக்காதீங்க. இங்கேயே கடையில் கிடைக்குது."

இதில் யார் சொல்வது சரி? மனைவி சொல்வதுதான் சரி என்பேன்.

சென்னை அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பஞ்சாபில் லூதியானா நகரம் சைக்கிளுக்கென்றே பெயர் பெற்றது. சாதாரணச் சைக்கிள் எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. உதிரிச் சாமானும் மூலைக் கடையில் கிடைக்கும். பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் அந்தச் சைக்கிள் பழக்கம். வெளிநாட்டுச் சைக்கிளில் ஒரு திருகாணி போனாலும் அதே அளவுக்குத் திருகாணி தேடி அலைய வேண்டும். ஆகவே புதுச் சாதாரணச் சைக்கிளை அங்கே வாங்கித் தூக்கிவருவது வீண் செலவு. வெளிநாட்டுச் சாமான் என்ற மோகத்துக்காகச் சம்பாதித்த காசை விமானக் கூலியாகக் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் எதைக் கொண்டுவரலாம்? அங்கே தினமும் ஓட்டிப் பழகிய சொந்தச் சைக்கிளைக் கொண்டுவரலாம். அதை அங்கே விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது. மடக்குச் சைக்கிளைக் கொண்டுவரலாம். கால் ஊனமுற்றவர் கையால் ஓட்டுகிற விசேஷ வண்டி கிடைத்தால் அவசியம் கொண்டுவரலாம். இவற்றுக்குப் படும் சிரமத்தில் அர்த்தம் உண்டு.

பெட்டிக்குள் குதிரை

சரி, சைக்கிளை விமானத்தில் ஏற்றுவது எப்படி? அப்படியே உருட்டிக்கொண்டு போனால் ஏற்றமாட்டார்கள். பெட்டியில் கட்டவேண்டும்.

பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சைக்கிள் கடைகளுக்குப் புது வண்டிகள் அட்டைப் பெட்டியில்தான் வருகின்றன. பிரித்த பிறகு அந்தப் பெட்டி கடைக்குக் குப்பைதான். இரண்டு நாள் முன்னதாகக் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

பிறகு முன் சக்கரத்தைக் கழற்றவேண்டும். சீட்டை இறக்கவேண்டும். ஹேண்டில் பாரைத் திருப்பி உடம்போடு ஒட்டிக் கட்டவேண்டும். பெடல் இரண்டையும் கழற்றவேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வலது பெடலை வழக்கம்போல் இடப்புறமாகத் திருகினால் கழலும். இடது பெடல் அப்படி அல்ல. அதன் மரை நேர்மாறு. வலப்புறமாகத் திருகினால்தான் வரும். இது தெரியாமல் பலம் காட்டினால் மரை போய்விடும்.

டயரில் காற்றை இறக்கிவிட வேண்டும். விமானக் கம்பெனிகள் இதைக் கேட்கின்றன. முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகி வைத்தால் மேலே பெட்டி விழுந்தாலும் நசுங்காது. கழற்றிய சிறு சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுச் சைக்கிளின் உடம்போடு சேர்த்துக் கட்டுங்கள். பெட்டி கிழிந்தாலும் பை விழாது. சைக்கிளைக் கட்டிய பிறகு இண்டு இடுக்கில் பழைய வேட்டி துண்டுகளைத் திணித்துவிடலாம். அடிபடாமலும் இருக்கும், துணியும் ஊர் வந்து சேரும்.

எடை முக்கியம். கியர் வைத்த சைக்கிள் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ இருக்கும். பழைய மாதிரிக் கறுப்புச் சைக்கிள் 20 கிலோ வரை போகும். பெட்டியின் எடை வேறு. ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் போனால் பொதுவாக எந்த விமானத்திலும் எடுக்கமாட்டார்கள். தூக்கி ஏற்றுகிற தொழிலாளியின் முதுகைக் காப்பாற்ற வந்த விதி அது. நல்ல விதிதான். சில கம்பெனிகள் சைக்கிளைச் சாதாரணச் சாமானாக எடைபோடும். சில கம்பெனிகள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம். விமான நிலையத்தில் போய்க் கேட்டால் கட்டணம் கூடும், வாக்குவாதமும் கூடும்.

பாட்டரிச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டும். 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியைப் பயணி விமானத்தில் கொண்டுவர முடியாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பாட்டரிச் சைக்கிளில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் இதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரியவை. ஆகவே அந்தப் பாட்டரியை அங்கேயே விட்டுவர வேண்டும். பாட்டரி இல்லாமல் அந்தச் சைக்கிளைக் கொண்டுவந்து என்ன பயன் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

சுங்க இலாகா விஷயமும் ஒன்று உண்டு. வரி இல்லாமல் கொண்டுவரும் சாமான்களுக்கு மொத்தமாக இவ்வளவு ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள். புறப்படும்முன் இன்றைய தொகை என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் வாங்கிய ரசீதைக் கையில் வைத்திருங்கள். உள்ளதை உள்ளபடி சொன்னவனுக்குப் பயம் இல்லை.

இறங்கிய பிறகுதான் கதை

நம் சிங்கப்பூர்க்காரர் இப்போது திருச்சி விமான நிலையத்தில் இறங்கிவிட்டார். பெட்டியும் நசுங்காமல் வந்துவிட்டது. ஆள் நிற்பது எங்கே? புதுக்கோட்டைச் சாலையிலேயே நிற்கிறார். ஊருக்குப் போகிற பஸ் கண்ணெதிரே போகிறது. புதுக்கோட்டை இன்னும் சுமார் 50 கிலோமீட்டர்தான்.

ஆனால் கையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறதே! பஸ்காரர் என்ன சொல்வார்?

ஒரு காலத்தில் பஸ்சின் முதுகில் ஏணி இருந்தது. கூரையில் கம்பிக் கேரியர் இருந்தது. வாழைத்தார், கோழிக்கூடை, நெல் மூட்டை, சைக்கிள் எல்லாம் மேலே ஏறும். கிளீனர் ஏறிக் கயிறு போட்டுக் கட்டுவார். இன்றைக்குப் பல பஸ்களில் ஏணியும் இல்லை, கேரியரும் இல்லை. உள்ளே வைக்கலாம் என்றால் கூட்டம். கண்டக்டர் மனம் வைத்தால் லக்கேஜ் டிக்கெட் போட்டு ஏற்றுவார். மனம் வைக்காவிட்டால் பெட்டியும் ஆளும் ரோட்டில்தான். நான் கண்டக்டரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் இடம் இல்லை, தெளிவான விதியும் கையில் இல்லை. அவர் என்ன செய்வார்?

ரெயிலில் போகலாமே என்பீர்கள். ரெயிலில் விதி தெளிவாகவே இருக்கிறது. அந்த விதிதான் சங்கடம்!

இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ சாமான் இலவசமாகக் கொண்டுபோகலாம். படுக்கை வகுப்பு என்றால் 40 கிலோ. ஆனால் சைக்கிளுக்கு இந்த இலவசம் கிடையாது என்று விதியில் இருக்கிறது. 35 கிலோ புளி மூட்டை கொண்டுபோனால் கட்டணம் இல்லை. 15 கிலோ சைக்கிள் கொண்டுபோனால் கட்டணம் உண்டு. இது என்ன நியாயம்?

அதோடு, பயணப் பெட்டிக்குள் வைக்கும் டிரங்கு 100 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சைக்கிள் பெட்டி இதற்குள் அடங்காது. ஆகவே பார்சல் ஆபீசுக்குப் போய்ப் பதிவு செய்து, லக்கேஜ் வேனில் ஏற்றவேண்டும். வண்டி புறப்பட அரை மணி நேரம் முன்னதாகவாவது அங்கே நிற்கவேண்டும். பெயரும் ஊரும் எழுதி ஒட்டவேண்டும். பெரிய ஊரிலிருந்து பெரிய ஊருக்கு இது சரிப்படும். ஆனால் வண்டி ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் நிற்கிற சின்ன ஸ்டேஷனில் லக்கேஜ் வேனைத் திறந்து இறக்குவது யார்?

கடைசியில் அவர் என்ன செய்வார்? வாடகைக் கார் பிடிப்பார். காருக்குக் கொடுக்கும் பணத்தையும் விமானத்துக்குக் கொடுத்த பணத்தையும் கூட்டிப் பார்த்தால், அதற்கு இங்கேயே ஒரு புதுச் சைக்கிள் வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். பெண்டாட்டி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்!

ஊர் அவ்வளவு தூரம் இல்லை, பத்துக் கிலோமீட்டர்தான் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஸ்பானரும் கைப் பம்பும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டுங்கள். விமான நிலைய வாசலில் சைக்கிளை மாட்டுங்கள். ஏறி மிதித்து வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். துணிமணிப் பெட்டியை அழைக்க வந்தவர் எடுத்துவரட்டும். ஆனால் எல்லார் வீடும் பத்துக் கிலோமீட்டரில் இல்லையே!

மற்ற நாட்டில் என்ன செய்கிறார்கள்?

ஹாலந்து நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குச் சைக்கிளோடு திரும்பும் ஒருவரைப் பாருங்கள். ராட்டர்டாம் நகரத்தில், நெரிசல் இல்லாத நேரத்தில், சைக்கிளோடு மெட்ரோ ரெயிலில் ஏறுகிறார். ஹுக் ஆப் ஹாலந்து என்ற துறைமுகத்தில் இறங்குகிறார். அங்கே கப்பல் நிற்கிறது. கார்களும் லாரிகளும் போகிற அதே வாசல் வழியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டே கப்பலுக்குள் போகிறார். வண்டித் தட்டில் ஓர் ஓரமாகக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, மாடிக்குப் போய்த் தூங்குகிறார். காலையில் ஹார்விச் துறைமுகம். ரெயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. சைக்கிளை ரெயிலில் ஏற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறார்.

பெட்டி இல்லை. ஸ்பானர் இல்லை. பெடலைக் கழற்றவில்லை. நாடு விட்டு நாடு போய்விட்டார்!

ஹாலந்து ரெயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு. காலை, மாலை நெரிசல் நேரத்தில் பெரிய சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். மடக்குச் சைக்கிளை மடக்கி வைத்தால் எந்நேரமும் இலவசம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரப் புறநகர் ரெயிலில் 2010 முதல் சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை. ஐரோப்பிய யூனியன் 2021-ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2025 ஜூன் முதல், புதிதாக வாங்கும் ரெயில்களிலும் பெரிதாகப் புதுப்பிக்கும் ரெயில்களிலும் குறைந்தது 4 சைக்கிளுக்கு இடம் வைக்கவேண்டும். சில விலக்குகள் உண்டு என்றாலும், சட்டம் சட்டம்தான்.

ஜப்பானில் வேறு வழி. அங்கே ரெயிலில் நெரிசல் அதிகம். ஆகவே சைக்கிளைப் பிரித்து ஒரு பைக்குள் போட்டுக் கட்டினால் பயணியின் சாமான் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். தனிக் கட்டணம் கிடையாது. அதற்கென்றே பை விற்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நகரங்களில் பஸ்சின் முகப்பில் இரண்டு மூன்று சைக்கிளை மாட்ட இரும்புத் தாங்கி வைத்திருக்கிறார்கள். பயணியே மாட்டுவார், பயணியே எடுப்பார். கண்டக்டருக்கு வேலை இல்லை. சிங்கப்பூரிலும் மடக்குச் சைக்கிளைப் பஸ்சிலும் ரெயிலிலும் எந்நேரமும் கொண்டுபோக 2017 முதல் நிரந்தர அனுமதி இருக்கிறது. மடக்கிய பின் 120 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருந்தால் போதும்.

அதெல்லாம் பணக்கார நாடு என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் கொச்சி மெட்ரோ 2020-ல் சைக்கிளை ஏற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. பெங்களூர் மெட்ரோ 2022-ல் மடக்குச் சைக்கிளுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு!

எதிர்த்துச் சொல்வோருக்கு

"மனிதர் நிற்கவே இடம் இல்லை. பச்சைக்குழந்தையோடு தாய்மார் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். சைக்கிளுக்கு இடமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலை எட்டரை மணி டவுன் பஸ்சில் சைக்கிளை ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அது தப்பு. ஹாலந்துக்காரனே நெரிசல் நேரத்தில் விடுவதில்லையே. நெரிசல் இல்லாத நேரத்துக்குத்தான் இடம் கேட்கிறேன். தொலைதூர வண்டியில் கேட்கிறேன். கட்டிய பெட்டிக்குக் கேட்கிறேன்.

"ஒரு சிலருக்காக இவ்வளவு ஏற்பாடா?" என்றும் கேட்பார்கள். சிங்கப்பூரிலிருந்து சைக்கிள் கொண்டுவருகிறவர் ஒரு சிலர்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு உதவும் அதே இடம் யாருக்கெல்லாம் உதவும் என்று பாருங்கள். வெளியூர்க் கல்லூரிக்குச் சைக்கிளோடு போகிற மாணவனுக்கு உதவும். வேலை மாறிப் போகிற தொழிலாளிக்கு உதவும். மாற்றுத்திறனாளியின் சக்கர நாற்காலிக்கும், தையற்காரியின் மிஷினுக்கும் உதவும். வெளிநாட்டுச் சைக்கிள் ஒரு பரீட்சை. அது ஊர் வந்து சேரும் வழி இருந்தால், ஏழையின் எந்தச் சாமானும் ஊர் வந்து சேரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தைப் பலரும் அறிவார்கள். எழுத்துக் கற்ற பெண்கள் அதோடு சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான தாய்மார்கள் வெட்கத்தை விட்டு, கேலியைப் பொருட்படுத்தாமல், சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அ, ஆ படித்ததற்கும் பெடல் மிதித்ததற்கும் அவர்கள் கண்ட பலன் ஒன்றுதான்: பிறர் கையை எதிர்பாராமல் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்வது.

நம் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. லட்சக்கணக்கில் கொடுத்திருக்கிறது. பாராட்டவேண்டிய திட்டம். ஆனால் அரசாங்கம் கொடுத்த சைக்கிளுக்கு அரசாங்கப் பஸ்சில் ஒதுக்கிய இடம் இல்லை. வலது கையால் கொடுத்ததை இடது கை தாங்கவேண்டாமா?

என்ன செய்யலாம்?

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. கோடிகள் வேண்டாம். ஐந்து சின்ன மாற்றம் போதும்.

முதலாவது, சைக்கிளுக்கு இலவசச் சாமான் சலுகை இல்லை என்ற ரெயில்வே விதியை எடுத்துவிட வேண்டும். பையிலோ பெட்டியிலோ கட்டிய சைக்கிள், எடைக்கு உட்பட்டால், மற்றச் சாமானைப் போலத்தான். புளி மூட்டைக்கு ஒரு நீதி, சைக்கிளுக்கு ஒரு நீதி வேண்டாம்.

இரண்டாவது, தொலைதூர அரசாங்கப் பஸ்களில் சைக்கிள் பெட்டிக்கு இவ்வளவு கட்டணம் என்று நிச்சயித்து, பஸ்சிலேயே எழுதி வைக்கவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரும் படித்துத் தெரிந்துகொள்ளும்படி பெரிய எழுத்தில் எழுதவேண்டும். விதி எழுத்தில் இருந்தால் கண்டக்டருக்கும் பயணிக்கும் சண்டை வராது.

மூன்றாவது, திருச்சி, மதுரை, சென்னை, கோவை விமான நிலையங்களிலிருந்து சாமான் வைக்க இடம் உள்ள பஸ்களை விடவேண்டும். விமானம் வரும் நேரம் பார்த்து விடவேண்டும். விமானத்தில் வருகிறவர் எல்லாரும் காரில் போகிறவர் அல்ல. அங்கே கட்டடம் கட்டி, கப்பல் பட்டறையில் வேர்வை சிந்திச் சம்பாதித்த காசை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள் அவர்கள்.

நான்காவது, மெட்ரோவிலும் புறநகர் ரெயிலிலும் மடக்குச் சைக்கிளை எந்நேரமும் தாராளமாக அனுமதிக்கவேண்டும். பெரிய சைக்கிளை நெரிசல் இல்லாத நேரத்தில் அனுமதிக்கவேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். இனி வாங்கப்போகும் பஸ்சிலும் ரெயிலிலும் கட்டும்போதே இதற்கு இடம் வைத்துக் கட்டவேண்டும். கட்டிய வீட்டை இடித்து ஜன்னல் வைப்பது செலவு. கட்டும்போதே ஜன்னல் வைப்பது எளிது.

நாமும் சில மரியாதைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். எண்ணெயும் கிரீசும் ஒழுகுகிற சைக்கிளை அடுத்தவர் புடவையில் உரசும்படி வைக்கக்கூடாது. சங்கிலியைத் துணியால் சுற்றுங்கள். வழியை மறிக்காதீர்கள். ஒருவர் செய்கிற அசிங்கத்தால் பத்துப் பேருக்குக் கிடைக்கும் உரிமை போய்விடும்.

கப்பலில் வந்த டிரங்குப் பெட்டியைப் படகில் இறக்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, வீட்டுத் திண்ணை வரை கொண்டுவந்து சேர்த்த நாடு இது. அப்போது நம்மிடம் விமானம் இல்லை, மெட்ரோ இல்லை, நாலுவழிச் சாலை இல்லை. இன்று எல்லாம் இருக்கின்றன. ஒரு சைக்கிளுக்கு மூன்றடி இடம் மட்டும் இல்லை என்றால், அதை வசதிக் குறைவு என்று ஒப்புக்கொள்ள முடியாது. அதிகாரிகள் நினைத்தால் ஒரே உத்தரவில் தீரும். நினைக்கும்படி செய்யவேண்டியது நம் பொறுப்பு. அடுத்த முறை பஸ் டெப்போவிலோ ரெயில் நிலையத்திலோ புகார்ப் புத்தகத்தைப் பார்த்தால், ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்: "சைக்கிளுக்கும் இடம் வேண்டும்."